தோல் மருத்துவ மேதை அலிபேர்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

மருத்துவ மேதைகள் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் எட்வர்ட் ஜென்னர், லூயி பாஸ்டர், ராபர்ட் காக் முதலிய ஒரு சிலரே. பள்ளிப் பாடநூல்களும் பொது அறிவுப் போட்டிகளும் இவர்களோடு நின்றுவிடுகின்றன. கொடிய நோய் ஒன்றை முதன்முதலில் கண்டு எழுதி வைத்தும், அதைக் குணப்படுத்த வழி தெரியாமல், அதற்குப் பொருத்தமான பெயர்கூட வைக்க முடியாமல் மறைந்த ஒருவரைப் பற்றி எந்தப் போட்டியிலும் யாரும் கேட்பதில்லை. அவர்தாம் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ழான் லூயி அலிபேர். ஆங்கில நூல்களில் அவர் பெயரைப் படிக்கும் நம்மவர் அலிபெர்ட் என்றே உச்சரிப்பர். பிரெஞ்சு மொழியில் இறுதி எழுத்து ஒலிப்பதில்லை. பெயரைப் பற்றிய தகராறு இவர் வரலாற்றில் இன்னும் பல இடங்களில் வரும் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

விலங்கியல் மாணவனான எனக்கு இவர் மீது எப்படி நாட்டம் வந்தது என்று நண்பர்கள் கேட்கலாம். அதைச் சொல்ல எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தபால்காரர். அவருக்குத் தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் வெளிறிய திட்டுகள் தோன்றி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் தேமல் என்றார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினார். பிறகு ஒருவர் வெண்குஷ்டம் என்றார். பின்னர், நாங்கள் வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய தொழுநோய் என்ற சந்தேகமும் வந்தது. பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுப் பார்த்தார்கள், உணர்ச்சி குறையவில்லை. தோலைக் கீறி எடுத்துப் பார்த்ததில் தொழுநோய்க் கிருமியும் இல்லை. சிறு தோல் துண்டு எடுத்துச் சோதித்தபோது முதல் முறை ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். இரண்டாம் முறை கரப்பான் போல இருக்கிறது என்று வந்தது. மூன்றாம் முறைதான் ஒரு சீட்டில் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற இரண்டு சொற்கள் வந்தன.

வீட்டில் அறிவியல் படிப்பவன் நான் ஒருவனே. சீட்டை என்னிடம் நீட்டினார்கள். துணைப்பாடமாகத் தாவரவியல் படித்தவன் அல்லவா? மைக்காலஜி என்றால் பூஞ்சை இயல். ஃபங்கஸ் என்றால் காளான். இரண்டு சொல்லிலும் காளான் இருக்கிறதே என்று எண்ணி, இது பூஞ்சை நோய், படர்தாமரை போல ஒட்டிக்கொள்ளக் கூடியது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அன்று மாலை முதல் பெரியப்பாவின் தட்டும் டம்ளரும் துண்டும் தனியாயின. பேரக் குழந்தைகளை அவர் மடியில் விடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் போய் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். பதினோரு நாள் இப்படி நடந்தது. அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது பெரியம்மா இதையெல்லாம் வெகுளியாகச் சொல்ல, மருத்துவர் அம்மையார் திடுக்கிட்டுப் போனார். இதில் காளானும் இல்லை, பூஞ்சையும் இல்லை, தொட்டால் ஒட்டுவதும் இல்லை. இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை தோலில் வந்து தங்கிப் பெருகும் அரிய புற்று இது. பெரியப்பாவுக்கு இருப்பது தொடக்க நிலை, இந்த நிலையில் உள்ளவர்களில் பெரும்பாலோர் தம் ஆயுளை முழுமையாகவே வாழ்கிறார்கள் என்று பொறுமையாக எடுத்துரைத்தார். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. காளானே இல்லாத நோய்க்குக் காளான் என்று பெயர் வைத்தவர் யார் என்று மெல்லக் கேட்டேன். அப்போதுதான் அலிபேர் என்ற பெயரை முதன்முதலில் கேட்டேன். அன்று முதல் கிடைத்த நூல்களையெல்லாம் படித்துத் திரட்டியதையே இங்கு எழுதுகிறேன்.

அலிபேர் பிறந்தது 1768-ஆம் ஆண்டு, தென் பிரான்சில் வில்ஃபிரான்ஷ் தெ ரூவெர்க் என்னும் சிற்றூரில். தந்தையார் நீதிமன்றப் பதவியில் இருந்தவர். பையன் கல்வி கற்றது கிறித்தவத் துறவியர் நடத்திய கல்லூரியில். படிப்பு முடிந்ததும் அவரும் அந்தச் சபையிலேயே சேர்ந்து ஆசிரியராக வாழ எண்ணினார். மருத்துவம் அவர் கனவிலும் இல்லை. இலக்கியத்தில்தான் நாட்டம்.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. துறவியர் சபைகள் கலைக்கப்பட்டன. எத்தனையோ பேரின் வாழ்க்கையைத் தலைகீழாக்கிய அந்தப் புயல் இந்த இளைஞரையும் வேரோடு பிடுங்கிப் பாரிஸ் நகரில் கொண்டுபோய்ப் போட்டது. ஆசிரியர்களை உருவாக்க 1795-இல் அங்கே தொடங்கிய புதிய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அதுவும் சில மாதங்களில் மூடப்பட்டது. நம்மில் சிலர் எந்தப் படிப்பில் இடம் கிடைக்கும் என்று தெரியாமல் அலைந்து கடைசியில் கிடைத்த வகுப்பில் உட்கார்ந்தோமே, அந்த அனுபவம் அலிபேருக்கும் உண்டு எனலாம். ஏறத்தாழ இருபத்தேழு வயதில்தான் மருத்துவம் படிக்க வந்தார். திசுக்களின் ஆராய்ச்சிக்கு அடிகோலிய பிஷா அங்கே அவருடைய தோழர்களுள் ஒருவர். விட்டு விட்டு வரும் கொடிய காய்ச்சல்களைப் பற்றி ஆய்வுரை எழுதி 1799-இல் பட்டம் பெற்றார். இலக்கியப் பயிற்சி வீண் போகவில்லை. பிற்காலத்தில் அவர் நோய்களைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கதை போல் படிக்கலாம் என்று புகழ்ந்தவர்களும் உண்டு, கதை போல இருக்கிறதே என்று குறை சொன்னவர்களும் உண்டு.

1801-ஆம் ஆண்டு அவருக்குப் பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையில் பணி கிடைத்தது. இந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். பாரிசில் கொள்ளை நோய் பரவியபின், நோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைப்பதற்காக நான்காம் ஹென்றி மன்னன் 1607-இல் கட்டத் தொடங்கியது அது. கொள்ளை நோயால் டூனிஸ் நகரில் 1270-இல் இறந்ததாக நம்பப்பட்ட ஒன்பதாம் லூயி மன்னனின் பெயரை அதற்கு இட்டார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வராதபடியும் வெளியே இருப்பவர் உள்ளே போகாதபடியும் சுவர் எழுப்பிய இடம். 1801-இல் அதைத் தோல் நோய் முதலிய நாட்பட்ட நோய்களுக்கான மருத்துவமனையாக மாற்றினார்கள். சொறி, படை, ஆறாத புண், முகம் சிதைந்தோர் என ஊர் முகம் சுளித்து ஒதுக்கியவர்கள் அனைவரும் அங்கே வந்து சேர்ந்தனர். புதிதாய்ப் பட்டம் பெற்ற ஒரு மருத்துவருக்கு இது கவர்ச்சியான வேலை அன்று. தோல் நோய்க்கு என்று தனித் துறையே அந்நாளில் பிரான்சில் இல்லை. அலிபேர் அங்கேயே தங்கி அதை உருவாக்கினார்.

அவருடைய வகுப்புகள் பேர் பெற்றவை. கோடைக் காலத்தில் மருத்துவமனை முற்றத்தில் லிண்டன் மரங்களின் நிழலில் வகுப்பு நடக்கும். நோயாளிகளை வரிசையாக அமர்த்தி, அவர்கள் உடம்பையே பாடநூலாகக் கொண்டு விளக்குவார். பிரெஞ்சு மாணவர் மட்டுமின்றி வெளிநாட்டாரும் வந்து கூடுவர். நடிகர் போலப் பேசுவார் என்று சிலர் கேலி செய்ததும் உண்டு. நோயாளியைக் காட்சிப் பொருளாக்குவது எனக்கு உவப்பாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் மற்றவர்கள் பார்க்கவே கூசிய உடம்புகளைப் பட்டப்பகலில் அருகே நின்று உற்றுப் பார்க்க நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தார் என்பதும் உண்மையே.

1806-இல் அவருடைய பெருநூலின் முதல் பகுதி வெளிவந்தது. செயின்ட் லூயி மருத்துவமனையில் தாம் கண்ட தோல் நோய்களின் விளக்கம் என்பது அதன் தலைப்பு. 1814 வரை பகுதி பகுதியாக வந்த அந்தப் பெரிய அளவு நூலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வண்ணப் படங்கள் உண்டு. புகைப்படம் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஓவியர் நோயாளியின் முன் அமர்ந்து வரைய, அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு வண்ணம் சேர்த்தார்கள்.

அந்தப் படங்களுள் ஒன்றுதான் லூக்கா என்பவருடையது.

லூக்கா ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஏழை. அவருக்கு முதலில் தோலில் செதில் செதிலாக உதிரும் தடிப்பு வந்தது. நாளடைவில் முகத்திலும் உடம்பிலும் கட்டிகள் கிளம்பின. அந்தக் கட்டிகள் மழைக்குப்பின் முளைக்கும் காளான்களின் வடிவில் இருந்தன. சில உடைந்து புண்ணாயின. அலிபேர் இதை எந்த நோயோடு சேர்ப்பது என்று திகைத்தார். வெப்ப நாடுகளில் பரவியிருந்த யாஸ் என்ற நோயிலும் தோலில் பழம் போன்ற புடைப்புகள் வரும். அதைப் பிரெஞ்சுக்காரர் பியான் என்பர். எனவே லூக்காவின் நோயைக் காளான் வடிவப் பியான் என்று 1806-இல் பதிவு செய்தார். அது தவறு. யாஸ் கிருமியால் வருவது, தொற்றுவது. லூக்காவுக்கு இருந்தது அதனோடு எவ்வகையிலும் உறவில்லாதது. பல ஆண்டுகள் கழித்து அலிபேரே பியானைக் கைவிட்டார். 1832-இல் வெளியிட்ட நூலில் அதே நோய்க்கு மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று புதுப்பெயர் சூட்டினார். காளானால் வருவது என்று அவர் சொல்லவில்லை. காளான் போல் தோன்றுவது என்றே சொன்னார். ஆனால் பெயரை மட்டும் படிப்பவனுக்கு இந்த வேறுபாடு எங்கே தெரியும்? இருநூறு ஆண்டு கழித்து ஒரு கல்லூரி மாணவன் அந்தப் பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லி ஒரு முதியவரைத் திண்ணைக்கு அனுப்புவான் என்று அவர் எப்படி அறிவார்!

படத்தை நான் பார்த்தேன். முதல் பார்வையில் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். மீண்டும் பார்த்தால், கட்டிகளுக்கு நடுவே ஒரு மனிதர் நம்மைப் பார்க்கிறார். ஓவியர் நோயை மட்டும் வரைந்துவிட்டு முகத்தை விட்டுவிடவில்லை. மருந்து என்று கொடுக்க அன்று யாரிடமும் எதுவும் இல்லை. அலிபேரால் செய்ய முடிந்தது, முதலில் தடிப்பு வந்தது, பிறகே கட்டி வந்தது என்ற வரிசையை எழுதி வைத்ததுதான். பின்னால் வந்தவர்களுக்கு அந்த வரிசையே வழிகாட்டியாயிற்று.

இதே காலத்தில் லண்டனில் ராபர்ட் வில்லன் என்பவர் தோல் நோய்களுக்கு வேறொரு முறை வகுத்தார். (பெயர்தான் வில்லன், நம் திரைப்பட வில்லன் அல்ல.) தோலில் தெரிவது புள்ளியா, பருவா, கொப்புளமா, சீழ்க்கட்டியா, செதிலா என்று பார்த்து எட்டு வரிசைகளாகப் பிரித்தார் அவர். எளிய முறை, யாரும் கற்கலாம். அலிபேருக்கு இது பிடிக்கவில்லை. தாவரவியலார் செடிகளை இயற்கைக் குடும்பங்களாகப் பிரிப்பது போல, நோயின் தோற்றம், போக்கு, காரணம் எல்லாம் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்றார். 1829-இல் ஒரு மரத்தின் படம் வரைந்து காட்டினார். அடிமரம் தோல், கிளைகள் 12 நோய்க் குடும்பங்கள், சிறு கொம்புகளில் தனித்தனி நோய்கள். பார்ப்பதற்கு அழகான மரம். ஆனால் அதில் ஏறியவர் சிலரே. அவருடைய சொந்த மாணவர் பியேத் 1816-இல் இங்கிலாந்து சென்று வில்லனின் முறையைக் கற்றுவந்து அதே மருத்துவமனையில் போதிக்கத் தொடங்கினார். மாணவர் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்றும் தோல் மருத்துவர்கள் பேசும் அடிப்படைச் சொற்கள் வில்லன் வழி வந்தவையே. வகைப்பாட்டியல் தேர்வுக்காக இரவெல்லாம் கண் விழிக்கும் நம் வகுப்பு நண்பர்கள் அலிபேர் மீது இரக்கம் கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஆசிரியரைவிட மாணவர் முன்னேறிய வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. அதில் விலங்கியலாருக்குத் தனிச்சுவை இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிரங்கு ஒரு நுண்பூச்சியால் வருகிறதா, உடலின் கெட்ட நீரால் வருகிறதா என்பது அக்காலத்தின் பெரும் வழக்கு. அலிபேரின் மருத்துவமனையில் மருந்தாளராக இருந்த காலெஸ் என்பவர் 1812-இல் பூச்சியைக் கண்டுவிட்டதாக ஆய்வுரை எழுதினார். படமும் வெளியிட்டார். ஆனால் அதற்குப்பின் எவர் தேடியும் பூச்சி அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால், காலெஸ் காட்டிய படம் பாலாடைக்கட்டியில் வாழும் சாதாரணப் பூச்சியினுடையது! பூச்சியை மெய்ப்பிப்பவருக்கு 300 பிராங்க் தருவதாக ஒரு மருத்துவர் அறைகூவல் விடுத்தார். அனைவரும் அது கட்டுக்கதை என்று கைவிட்ட வேளையில், 1834 ஆகஸ்டில், கார்சிகா தீவிலிருந்து வந்த ரெனூச்சி என்ற மாணவர் அலிபேரின் மருத்துவப் பிரிவிலேயே, அனைவர் முன்னிலையில், நோயாளியின் தோலிலிருந்து ஊசி முனையால் பூச்சியை எடுத்துக் காட்டினார். கார்சிகாவின் ஏழைப் பெண்கள் தம் குழந்தைகளுக்கு இப்படித்தான் எடுப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கொப்புளத்திலேயே தேடிய பேராசிரியர்கள், அதன் அருகே ஓடும் மெல்லிய வளையின் முனையில் பூச்சி இருப்பதைக் கவனிக்கவில்லை. தம் கண் எதிரே இத்தனை ஆண்டு இருந்ததைத் தாம் காணாமல் போனதை அறுபத்தாறு வயதில் அலிபேர் கண்டார்.

இடையில் அவருக்குப் பதவியும் பட்டமும் குறைவில்லாமல் வந்தன. பதினெட்டாம் லூயி மன்னருக்கும் அடுத்து வந்த பத்தாம் சார்லஸ் மன்னருக்கும் அரண்மனை மருத்துவர் ஆனார். பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பேரன் என்ற பிரபுப் பட்டமும் பெற்றார். அரண்மனைக் கடமை மிகுந்த நாட்களில் மருத்துவமனைப் பொறுப்பைப் பியேத்தே பார்த்துக்கொண்டார். புரட்சியால் பாரிசுக்கு வந்தவர் மற்றொரு புரட்சியையும் பார்த்தார். 1830-இல் மன்னர் நாட்டை விட்டு ஓடினார். அலிபேருக்கு அரண்மனை போயிற்று, மருத்துவமனை இருந்தது. அறுவை செய்த இடத்திலும் காயம் பட்ட இடத்திலும் தோல் தடித்து நண்டுக் கால் போல் பரவும் தழும்புக்கு கீலாய்டு என்று பெயரிட்டவரும் அவரே. நம் ஊர்களில் காது குத்திய இடத்தில் பலருக்கு இது வருவதைப் பார்த்திருக்கிறோம். 1837 நவம்பரில் அவர் பாரிசில் காலமானார். அரசர்களுக்குச் செய்த மருத்துவம் எவர் நினைவிலும் இல்லை. பெயர் நிலைத்திருப்பது லூக்காவின் நோயில்தான்.

அந்த நோயின் கதை அவரோடு முடியவில்லை. அதே மருத்துவமனையில் பணியாற்றிய பாஸன் என்ற மருத்துவர், நோய் மூன்று படிகளில் செல்வதை 1870-இல் தெளிவாக்கினார். முதலில் சாதாரணப் படை போன்ற திட்டு, அடுத்துத் தடித்த தகடு, இறுதியில் கட்டி. இதனால்தான் பிரெஞ்சுக்காரர் இதை அலிபேர்–பாஸன் நோய் என்றும் அழைப்பர். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆண்டுகள் பல ஆகலாம். பலருக்கு முதல் படியோடு நின்றுவிடும். 1860-களின் இறுதியில் ரான்வியே, கில்லோ என்ற இருவர் கட்டியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இது நிணநீர்த் திசுவைச் சேர்ந்தது என்றனர். காளான் என்ற எண்ணம் அறிவியல் அரங்கில் அன்றே ஒழிந்தது. பெயர் மட்டும் ஒழியவில்லை. 1938-இல் செஸாரி என்னும் பிரெஞ்சு மருத்துவர், உடம்பு முழுதும் சிவந்து அரிப்பெடுத்த நோயாளிகளின் இரத்தத்தில் மூளை மடிப்புப் போல் மடிந்த உட்கருவுடைய விந்தையான அணுக்களைக் கண்டார். அது அவர் பெயரால் வழங்குகிறது.

இந்த அணு எது? நம் உடலில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் டி-லிம்போசைட் என்பது ஒரு வகை. தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் அந்தப் பெயர். இவற்றுள் சில தோலைக் காவல் காக்கும் வேலை பூண்டவை. அப்படிப்பட்ட காவலர்களுள் ஒன்று கட்டுமீறித் தன்னைப் போலவே பல்கிப் பெருகினால் இந்த நோய் வருகிறது. 1975-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அலிபேர் கண்டதையும் செஸாரி கண்டதையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து, தோலின் டி-அணு லிம்போமா என்று அழைத்தனர். தோலில் தோன்றும் நிணநீர்ப் புற்றுகளில் இன்னும் பல வகைகள் உள்ளன. பி-அணுவால் வருபவையும் உண்டு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது இன்றும் லூக்காவின் நோயே. மிகுதி என்றாலும் அரிய நோய்தான். பல தோல் மருத்துவர்கள் தம் வாழ்நாளில் சிலரையே காண்பர்.

நோயை அறிவதுதான் கடினமான பகுதி. பெரியப்பாவுக்கு ஏன் மூன்று முறை தோல் எடுத்தார்கள் என்று முன்பு எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. தொடக்கத்தில் நோயணுக்கள் மிகக் குறைவு. கரப்பான் வந்த தோலிலும் வெள்ளையணுக்கள் கூடும், இதிலும் கூடும். நோயணுக்கள் மேல்தோலுக்குள் ஏறி, அதன் அடிவரிசையில் அணிவகுத்தோ சிறு குழுக்களாகக் கூடியோ நிற்பதைக் காண வேண்டும். (அந்தச் சிறு குழுக்களுக்குப் போட்ரியே என்பவரின் பெயர் வழங்குகிறது. அவற்றை முன்பே கண்டு எழுதியவர் தாரியே! இந்த நோயில் எந்தப் பெயர்தான் ஒழுங்காக அமைந்தது?) களிம்பு பூசிக்கொண்டே இருந்தால் அணுக்கள் மறைந்துகொள்ளும், ஆகவே சில வாரம் களிம்பை நிறுத்திவிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தோல் எடுக்க வேண்டும். பிறகு சாயமேற்றி, அணுவின் மேற்பரப்பில் உள்ள புரத அடையாளங்களைப் பார்க்கிறார்கள். டி-அணுவின் ஏற்பி மரபணுவைச் சோதித்து, அவ்வளவு அணுக்களும் ஒரே தாயணுவின் வழித்தோன்றலா என்றும் அறிகிறார்கள். இத்தனைக்குப் பின்னும் ஐயம் நீங்காமல், சில மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம் என்று சொல்ல வேண்டிய நேரங்கள் உண்டு. திட்டுத் தோன்றியது முதல் பெயர் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆவது உலகெங்கும் உள்ள அனுபவம்.

நம் போன்ற கருநிறத் தோலினருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நூல்களில் உள்ள படங்களில் சிவந்த திட்டுகளையே காண்கிறோம். நம்மவருக்கு, அதிலும் இளம் வயதினருக்கு, இது பெரும்பாலும் வெளிறிய திட்டாக வருகிறது. வெளிறிய திட்டு என்றால் நம் நாட்டில் முதலில் எழும் நினைவு தேமல், வெண்குஷ்டம், தொழுநோய். வெயில் படாத இடுப்பிலும் தொடையிலும் பின்புறத்திலும் பல ஆண்டு மாறாமல் இருக்கும் திட்டு என்பது ஒரு குறிப்பு. ஆனால் அந்த இடங்களை யார் மருத்துவரிடம் காட்ட விரும்புகிறார்கள்? என் பெரியப்பா முதல் மூன்றாண்டு முதுகை மட்டுமே காட்டினாராம்.

சிகிச்சை இன்று நோயின் படியைப் பொறுத்தது. தொடக்கத்தில் நோயாளியைக் கடும் மருந்துகளால் தாக்குவதில்லை. தோலுக்கு மட்டுமே வைத்தியம். ஸ்டீராய்டு களிம்பு ஒன்று. முதல் உலகப் போரில் உயிர் குடித்த கடுகு வாயுவின் வழிவந்த ஒரு மருந்தையே நீர்த்துத் தோலில் பூசுவது மற்றொன்று. புற ஊதாக் கதிர் இன்னொன்று. சொராலன் என்ற மருந்தை உட்கொண்டு அக்கதிரில் நிற்கும் முறை 1976 முதல் இந்நோய்க்குக் கையாளப்படுகிறது. மருந்து உட்கொள்ளாமலே குறுகிய அலைவரிசைக் கதிரில் நிற்கும் முறை பின்னர் வந்தது. எக்ஸ் கதிர் 1900-களின் தொடக்கத்திலேயே பயன்பட்டது. எலெக்ட்ரான் கற்றையை உடல் முழுதும் செலுத்தினால் அது தோலோடு நின்றுவிடும், உள்ளுறுப்புகளுக்குப் போகாது. 1950-களில் வந்த அருமையான யோசனை இது. நோய் முற்றியவர்களுக்கு இரத்தத்தை வெளியே எடுத்து ஒளி பாய்ச்சித் திரும்பச் செலுத்துதல், நோயணுவை மட்டும் குறிவைக்கும் எதிர்ப்புரத மருந்துகள், சிலருக்கு வேறொருவரின் குருத்தணுக்களைப் பொருத்துதல் என்று வழிகள் பெருகியுள்ளன. மொகாமுலிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. முற்றிய நிலையில் நோய் இன்றும் கொடியதே. அதை மறைப்பதற்கில்லை.

பெரியப்பாவுக்குக் கதிர் முறைதான். வாரம் மூன்று நாள் காலையில் பேருந்து ஏறிப் போகிறோம். ஆள் உயரப் பெட்டி. உள்ளே நான்கு புறமும் குழல் விளக்குகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் உள்ளே போய் நிற்பார். சில நிமிடம்தான். முதல் நாள் அஞ்சினார். இப்போது ஊர்க்கதை பேசிக்கொண்டே போய் வருகிறார். நான்கு மாதத்தில் இடுப்புத் திட்டுகள் பெரும்பாலும் நிறம் திரும்பிவிட்டன. மீண்டும் வரக்கூடும் என்பதால் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர் அம்மையார்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய நாளில் லூக்காவின் படத்தைப் பெரியப்பாவுக்குக் காட்டலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பயந்துவிடுவாரோ என்ற அச்சம். கடைசியில் காட்டினேன். இவர் உங்கள் நோய்க்காரர்தான், ஆனால் உங்கள் நிலை இதுவன்று, இவர் காலத்தில் மருந்து இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இவருக்குச் சாப்பாடு யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள் என்றேன். தட்டு தனியா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியம்மா உள்ளிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். இருவரும் எழுந்து போய் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம்.